வண்டி ஓடுது... வால் தேயுது!

டி.என். 28... டி.என். 88... டி.என். 34... டி.என். 52...

அரியர் பேப்பரோட சப்ஜெக்ட் கோடுன்னு பயந்துடாதீங்க பாஸ். நாமக்கல் வடக்கு, நாமக்கல் தெற்கு, திருச்செங்கோடு, சங்ககிரி. நாலும் நம்ம ஏரியா வண்டி நம்பர்தான். நாட்டோட எந்த மூலையில, எந்த நெடுஞ்சாலையோர டீக்கடையில நின்னாலும் இதுல ஒண்ணு உங்களைத் தாண்டிப் போக சான்ஸ் ரொம்ப அதிகம். வானத்தை நம்பி விவசாயம் பார்த்து அலுத்துப் போய் ஸ்டீயரிங்கைப் பிடிச்ச மண் இது. லாரிக்கு பாடி கட்டறது, கேஸ் டேங்கர், டிரெய்லர், போர்வெல் ரிக்னு ஊரே சக்கரத்து மேலதான் நிக்குது.

ராசிபுரம், திருச்செங்கோடு, கருப்பூர் பக்கம் உங்க காலேஜ் இருந்தா, காலேஜ் பஸ் ஜன்னல் வழியா தினமும் டிரெய்லரா பார்த்துத் தள்ளியிருப்பீங்க. ஆனா எதைப் பார்த்தீங்க? முன்னாடி இருக்கற கேபின், அதுல எழுதியிருக்கற பேரு, கண்ணாடியில தொங்கற எலுமிச்சம்பழம்... அவ்வளவுதானே? பின்னாடி நீளமா வர்ற வாலை யாரும் பார்க்கறதில்லை. இந்த வாரம் அந்த வாலுக்கு அடியில கொஞ்சம் குனிஞ்சு பார்ப்போம்.

ஏன்னா அங்கதான் விவகாரமே. எஞ்சின்ல ஏதாவது கோளாறுன்னா டிரைவருக்குச் சத்தம் கேட்கும், டேஷ்போர்டுல லைட் எரியும், புகை வரும். டிரெய்லருக்கு எஞ்சினும் கிடையாது, மீட்டரும் கிடையாது. கேபினுக்குப் பத்து மீட்டர் பின்னாடி ஒரு பேரிங் சூடேறி நீலம் பாய்ஞ்சுக்கிட்டிருந்தாலும் டிரைவர் காதுல இளையராஜாதான் கேட்டுக்கிட்டிருப்பார். டிரெய்லரோட தேய்மானம் தானா வந்து சொல்லாது. நாமதான் போய்க் கையால தொட்டு, கண்ணால பார்த்து, தட்டிக் கேட்டுக் கண்டுபிடிக்கணும்.

இந்த வாலோட தாத்தா யார்னு தெரிஞ்சா சிரிப்பீங்க. ஒரு படகு!

படகுல ஆரம்பிச்ச கதை

அமெரிக்காவுல டெட்ராய்ட் நகரத்துல ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப்னு ஒரு கொல்லர் இருந்தார். குதிரைக்கு லாடம் அடிக்கறது, வண்டி செய்யறதுதான் தொழில். 1914-ல் ஃப்ரெடரிக் சிப்லிங்கற மர வியாபாரி அவர்கிட்ட வந்தார். 'என்கிட்ட ஒரு படகு இருக்கு. ஏரிக்குக் கொண்டு போகணும். என்னோட ஃபோர்டு கார் இழுக்கற மாதிரி ஏதாவது செஞ்சு கொடு'ங்கறது அவரோட கோரிக்கை. ஃப்ரூஹாஃப் என்ன செஞ்சார்? காரோட பின்பக்கத்தைக் கழட்டினார். ரெண்டு சக்கரம் வச்ச ஒரு சட்டத்தைச் செஞ்சு, அதோட முன்பாரம் கார் மேல உட்கார்ற மாதிரி மாட்டினார். படகு பத்திரமா ஏரிக்குப் போய்ச் சேர்ந்துச்சு. மர வியாபாரிக்கு ஒரே குஷி. 'என் கடை மரத்தை ஏத்தறதுக்கும் இதே மாதிரி செஞ்சு கொடு'ன்னுட்டார். ஃப்ரூஹாஃப் அதுக்கு 'செமி டிரெய்லர்'னு பேர் வச்சார். 1918-ல் அவர் பேர்ல டிரெய்லர் கம்பெனியே வந்துடுச்சு.

ஆக, சங்ககிரியில சிமென்ட் ஏத்தறதும், நாமக்கல்லேர்ந்து கேஸ் ஏத்தப் போறதும் ஒரு உல்லாசப் படகோட டிரெய்லர் வம்சம்தான்!

நம்ம பக்கம் படகு டிரெய்லரே கண்ணுல படாது. பூலாம்பட்டி காவிரியில ஓடற படகும் ஏற்காடு ஏரிப் படகும் தண்ணியிலயேதான் கிடக்கும். படகு ரோட்டுல போனதை நாம நிறைய பார்த்தது 2018 ஆகஸ்ட்ல. கேரள வெள்ளத்தப்போ மீனவர்கள் தங்களோட படகை லாரியில ஏத்திக்கிட்டு, கடலே இல்லாத ஊர்களுக்குப் போய் ஜனங்களை மீட்டாங்களே, அப்போ. ஆனா ஒரு படகு டிரெய்லர் எப்படிக் கெட்டுப் போகும்ங்கறது செம சுவாரஸ்யமான ஃபிசிக்ஸ். அது புரிஞ்சா நம்ம டிரெய்லரும் புரியும்.

படகோட ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடி வந்த டிரெய்லர். சக்கரத்து நடுவுல இருக்கற ஹப் சூடா இருக்கும். உள்ளே இருக்கற காத்தும் சூடேறி விரிஞ்சிருக்கும். அப்படியே ரிவர்ஸ் எடுத்து, படகை இறக்க சக்கரம் முங்கற அளவுக்குத் தண்ணியில விடுவாங்க. ஹப் சட்டுனு குளிரும். உள்ளே இருக்கற காத்து சுருங்கும். பிளஸ் டூவுல படிச்ச கேஸ் விதி ஞாபகம் இருக்கா? உள்ளே அழுத்தம் குறைஞ்சதும் ஆயில் சீலோட சின்ன இடுக்கு வழியா தண்ணியை உறிஞ்சிக்கும். கிரீஸும் தண்ணியும் கலந்து மோர் மாதிரி வெளுத்துப் போகும். அடுத்த வாரம் பேரிங்ல துரு. அடுத்த மாசம் ஹைவேயில சக்கரம் தனியா, வண்டி தனியா!

இதுக்கு அமெரிக்காவுல ஒரு மூடி விக்கறாங்க. உள்ளே ஸ்பிரிங் வச்ச ஒரு பிஸ்டன் கிரீஸை எப்பவும் லேசா அழுத்திக்கிட்டே இருக்கும். உள்ளே அழுத்தம் குறையாததால தண்ணி நுழையாது. அதோட பேர் 'பேரிங் பட்டி'. கேட்டா எருமப்பட்டிக்குப் பக்கத்து ஊர் மாதிரியே இல்லை?

நம்ம ஊர் ஹப்பும் குளிக்கும்

'நம்ம லாரி ஏரியில இறங்கறதில்லையே'ன்னு கேட்காதீங்க. மழை நேரத்துல ரயில்வே கீழ்ப்பாலத்துல இடுப்பளவு தண்ணியில நீந்தி வர்ற டிரெய்லரை நினைச்சுப் பாருங்க. லோடு இறக்கின சூட்டோட வாட்டர் சர்வீஸ்ல விட்டு, ஹப் மேலேயே பிரஷர்ல தண்ணி அடிக்கறதையும் நினைச்சுப் பாருங்க. கதை அதேதான். படகு டிரெய்லருக்கு வாரத்துக்கு ஒரு முங்கு, நம்மளுதுக்கு மழைக்கு ஒரு முங்கு.

ஹப்பைப் பிரிக்கும்போது ஒரு தடவையாவது பக்கத்துல நின்னு பாருங்க. டயரைக் கழட்டினா ஹப் மூடி. மூடியைத் திறந்தா ஒரு நட்டு, அது சுத்திடாம இருக்க ஒரு லாக். நட்டைக் கழட்டினா வெளி பேரிங் கையோட வரும். டிரம்மோட ஹப்பை உருவினா உள் பேரிங், அதுக்குப் பின்னாடி ஆயில் சீல். ரெண்டுமே டேப்பர் ரோலர் பேரிங். அதாவது சரிஞ்ச உருளைகள். நேரா வர்ற பாரத்தையும் தாங்கும், வளைவுல பக்கவாட்டுல வர்ற தள்ளலையும் தாங்கும்.

அதை டீசல்ல கழுவித் துடைச்சுட்டு வெயில்ல திருப்பிப் பார்ப்பாங்க. என்ன பார்க்கறாங்க? ரோலர்ல நீல நிறம் தெரிஞ்சா சூடேறி இரும்போட பதம் போயிடுச்சுன்னு அர்த்தம். சின்னச் சின்னக் குழி இருந்தா உலோகம் களைச்சுப்போய் உதிர ஆரம்பிச்சிருக்கு. துருப் புள்ளி இருந்தா தண்ணி புகுந்திருக்கு. வெள்ளையா நுரைச்ச கிரீஸ் வந்தாலும் அதே கேஸ்தான். இதுல எது தெரிஞ்சாலும் அந்த பேரிங்கைப் பழையபடி மாட்டக் கூடாது. இன்னொண்ணு, ரோலர் இருக்கற உள் பாகத்தை மட்டும் மாத்திட்டு, ஹப்புக்குள்ள அடிச்சு இறக்கியிருக்கற வெளி வளையத்தை அப்படியே விடறது சுத்த ஏமாத்து வேலை. ரெண்டும் ஒண்ணா தேய்ஞ்ச ஜோடி. மாத்தினா ரெண்டையும் மாத்தணும்.

ஆயில் சீல்? இருக்கறதுலயே விலை கம்மியான பாகம் இதுதான். 'நல்லாத்தான் இருக்கு'ன்னு துடைச்சு மாட்டறவங்களும் உண்டு. ஹப்பைப் பிரிச்சாச்சுன்னா சீல் புதுசு போடணும், நட்டோட லாக்கையும் பார்த்து மாத்தணும். இதுல மிச்சம் பிடிக்கறது, கல்யாணத்துக்கு எல்லாம் செலவு பண்ணிட்டு தாலிக் கயித்துல பேரம் பேசற மாதிரி.

கிரீஸ்லயும் ஒரு விஷயம் இருக்கு. ரோலருக்கு நடுவுல உள்ளங்கையால அழுத்தி அழுத்தி ஏத்தணும். மேலாகப் பூசினா பத்தாது. அதுக்காக ஹப் முழுக்க அடைச்சாலும் தப்பு. கிரீஸையே கடைஞ்சுக்கிட்டு சுத்தும், சூடு ஏறும். வேற வேற ஜாதி கிரீஸைக் கலக்கவும் கூடாது (ஜாதி விஷயத்துல நான் கலப்புக்கு ஆதரவுதான், கிரீஸைத் தவிர!). கடைசியா நட்டை முறுக்கும்போது ஹப்பைச் சுத்திக்கிட்டே இறுக்கி, அப்புறம் கொஞ்சம் பின்வாங்கணும். ஹப் தடையில்லாம சுத்தணும், இழுத்துப் பார்த்தா கைக்குத் தெரிஞ்சும் தெரியாம ஒரு மயிரிழை ஆட்டம் இருக்கணும். அதிகமா இறுக்கினா பேரிங் எரியும். அதிகமா விட்டா சக்கரம் தள்ளாடும். பல வருஷம் பழகின கைக்கு அது சரியா வரும். டயல் கேஜ் வச்சு அளந்து பார்த்தா அதே இடத்துல ஒரு நம்பர் வரும்: ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு சுமார். பட்டறைக் கையும் உங்க மெட்ராலஜி லேபும் சந்திக்கற இடம் அது.

டிசைன் டேட்டா புக்கைத் திறங்க

மெக்கானிக்கல் மக்களே, உங்க எல்லார்கிட்டயும் பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக் இருக்கும். எக்ஸாம் ஹாலுக்கு மட்டும் எடுத்துட்டுப் போற அந்த நீளமான புத்தகம்தான். அதுல பேரிங் ஆயுளுக்கு ஒரு ஃபார்முலா இருக்கு. பேரிங்கோட தாங்குதிறனை பாரத்தால வகுத்து, ரோலர் பேரிங்னா 10/3 அடுக்குக்கு உயர்த்தணும். எக்ஸாம்ல ரெண்டு மார்க் வாங்கறதுக்கு எழுதிட்டு மறந்துடுவோம். அதை இப்போ ரோட்டுல ஓட்டிப் பாருங்க.

பாரம் 25 சதவீதம் கூடினா பேரிங்கோட ஆயுள் 25 சதவீதம் குறையும்னுதானே தோணும்? கிடையாது. கணக்குப் போட்டா பாதிக்கும் கீழே போயிடுது. ஓவர்லோடு அடிச்சு ஒரு நடையில சம்பாதிச்ச காசை ஹப் சத்தமே இல்லாம திருப்பி எடுத்துக்கும்.

2018 ஜூலையில மத்திய அரசு ஆக்சிலுக்கான பார வரம்பை உயர்த்துச்சு. டிரெய்லரோட பின்னாடி சேர்ந்தாப்பல இருக்கற மூணு ஆக்சில் செட்டுக்கு 24 டன்னா இருந்தது 27 டன்னாச்சு. ஆறு ஹப்புக்குப் பிரிச்சா ஒரு ஹப் மேல கிட்டத்தட்ட நாலரை டன். அதே பேரிங்கா இருந்தா, அதே ஃபார்முலாபடி ஆயுள்ல சுமார் மூணுல ஒரு பங்கு காலி. சட்டப்படி லோடு ஏத்தினாலே இந்த நிலைமை. அப்போ கிரீஸ் போடற கெடுவையும் முன்னாடி இழுத்தாகணும். லோடைக் கூட்டிட்டு சர்வீஸ் நாளை மட்டும் பழைய காலண்டர்லயே வச்சிருந்தா?

ரெண்டு மில்லிமீட்டர் மேட்டர்

2025 ஜனவரி 3. அதிகாலை. கொச்சியிலிருந்து 18 டன் சமையல் கேஸ் ஏத்திக்கிட்டு வந்த டேங்கர் கோவை அவினாசி சாலை மேம்பாலத்துல திரும்பும்போது, இழுக்கற வண்டியையும் டேங்கரையும் சேர்த்துப் பிடிக்கற பாகம் உடைஞ்சு, டேங்கர் மட்டும் தனியா கவிழ்ந்ததா அன்னிக்குச் செய்திகள் சொல்லிச்சு. கேஸ் கசிஞ்சது. தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கா தண்ணியைப் பீய்ச்சியடிச்சுக்கிட்டே இருந்தாங்க. சுத்துப்பட்டு ஸ்கூலுக்கெல்லாம் லீவு விட்டாங்க. கிரேன் வச்சு நிமிர்த்திக் கொண்டு போற வரைக்கும் கோவை மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

தென்மண்டலத்துல கேஸ் டேங்கர் ஓட்டற உரிமையாளர்களோட சங்கத்துக்குத் தலைமையிடமே நாமக்கல்தான். அதனால அந்தக் காலையில இங்கே பல வீட்டுல டி.வி. முன்னாடி டீ ஆறிப் போயிருக்கும்.

டிரெய்லரையும் இழுக்கற வண்டியையும் சேர்க்கற இடத்துல என்னதான் இருக்கு? டிரெய்லரோட முன்பக்க அடியில ஒரு இரும்புக் குமிழ் தொங்கும். அதுதான் கிங்பின். இழுக்கற வண்டியோட முதுகுல குதிரை லாட வடிவத்துல ஒரு தட்டு இருக்கும். நம்ம பட்டறையில 'டர்ன் டேபிள்'ம்பாங்க. பின் போய் அந்தத் தட்டோட வாய்க்குள்ள நுழைஞ்சதும் லாக் கவ்விக்கும். அவ்வளவுதான். நாற்பது டன்னுக்கு மேல இழுபடற ஒரு வண்டியோட உறவு, நம்ம மணிக்கட்டு அளவு இருக்கற அந்த ஒத்தைப் பின்னுலதான் நிக்குது.

பரவலா இருக்கற பின் ரெண்டு இன்ச் சைஸ். புதுசுல 50.8 மில்லிமீட்டர். தேய்ஞ்சு 49 மில்லிமீட்டருக்கு வந்துட்டா அதோட வாழ்க்கை முடிஞ்சுது. வித்தியாசத்தைக் கவனிச்சீங்களா? ரெண்டு மில்லிமீட்டர்கூட முழுசா இல்லை. கண்ணால பார்த்து 'இன்னும் நாலு நடை தாங்கும்'னு யாராலும் சொல்ல முடியாது. வெர்னியர் வச்சுத்தான் சொல்ல முடியும். முதல் வருஷ லேப்ல நாம மெயின் ஸ்கேல், வெர்னியர் ஸ்கேல்னு தூங்கி வழிஞ்சுக்கிட்டே படிச்ச அதே வெர்னியர்!

இங்கதான் எனக்கு ஒரு சண்டை இருக்கு. தேய்ஞ்ச பின் மேல வெல்டிங்கை ஏத்தி, லேத்ல கடைஞ்சு பழைய சைஸுக்குக் கொண்டு வர்ற பழக்கம் சில இடத்துல உண்டு. பார்க்கப் புதுசு மாதிரியே பளபளன்னு இருக்கும், வெர்னியரும் 50.8 காட்டும். ஆனா கிங்பின் சாதா இரும்பு கிடையாது. அலாய் ஸ்டீலை அடிச்சு உருவாக்கி, சூடேத்திப் பதம் பண்ணினது. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துடும். வெல்டிங்குக்குப் பக்கத்துல இரும்பு கண்ணாடி மாதிரி நொறுங்கற குணத்துக்கு வரும், மயிரிழை விரிசல் விடும். தேய்ஞ்ச பின்னாவது ஆட்டம் காட்டி எச்சரிக்கும். வெல்டிங் வச்ச பின் எதுவும் சொல்லாது, ஒருநாள் உடையும். கிங்பின்னை ரிப்பேர் பண்ணக் கூடாது, மாத்தணும். இதுல ரெண்டாவது கருத்துக்கு இடமே இல்லைங்கறது என் கட்சி.

பின்னை மட்டும் மாத்திட்டு டர்ன் டேபிள் லாக்கை விட்டுட்டாலும் அரைகுறைதான். டிரெய்லர் பிரேக்கைப் போட்டுட்டு, இழுக்கற வண்டியை மெதுவா முன்னாடி பின்னாடி அசைச்சா 'டொக்கு டொக்கு'ன்னு சத்தம் வருதா? எங்கேயோ இடைவெளி இருக்கு. பின்னா லாக்கான்னு அளந்து பார்க்கணும்.

பட்டை, பிரேக், அப்புறம் தொப்பூர்

ஸ்பிரிங் பட்டை விஷயத்துல பட்டறைக்காரங்க கண்ணு எக்ஸ்ரே மாதிரி. வண்டி ஒரு பக்கம் லேசா சாய்ஞ்சு வந்தாலே 'மூணாவது பட்டை போயிருக்கும்'பாங்க. பல பட்டைகளை அடுக்கி நடுவுல சென்டர் போல்ட் போட்டு, ஆக்சிலோட யு-போல்ட்டால இறுக்கிக் கட்டியிருப்பாங்க. யு-போல்ட் தளர்ந்தா பட்டைங்க ஒண்ணோட ஒண்ணு உரசி ஆடும். சென்டர் போல்ட் அறுந்துடும். ஆக்சிலே கொஞ்சம் நகர்ந்துடும். அப்புறம் டிரெய்லர் நண்டு மாதிரி கோணலாத்தான் ஓடும், டயரைத் தின்னும். ஓனர் டயர் கம்பெனியைத் திட்டிக்கிட்டிருப்பார்!

உடைஞ்ச பட்டைக்கு ஒரு பட்டை மட்டும் புதுசு போடலாமா? அவசரத்துக்குப் போடலாம். ஆனா மத்த பட்டையெல்லாம் வருஷக்கணக்கா பாரம் சுமந்து நிமிர்ந்து போயிருக்கும். புதுப் பட்டை மட்டும் முழு வளைவோட இருக்கும். அதிக பாரத்தை அதுவே வாங்கிக்கிட்டு அதுவே முதல்ல உடையும். ஹாஸ்டல்ல புதுசா வந்த ஜூனியர் தலையில எல்லா வேலையையும் கட்டற மாதிரிதான். யு-போல்ட்டைக் கழட்டினா புதுசு போடறது நல்லது. போட்டு ஒரு நடை ஓடின பிறகு மறுபடி முறுக்கணும். சக்கர நட்டுக்கும் இதே விதி. டயர் மாத்தினா முதல் நூறு கிலோமீட்டருக்குள்ள நிறுத்தி ஒரு தடவை முறுக்கிப் பார்க்கணும். நட்டுலேர்ந்து துரு கோடு கோடா வழிஞ்சிருந்தா அது தளர்ந்துடுச்சுன்னு அடையாளம்.

பிரேக்குக்கு வருவோம். 1872-ல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்கு ஒரு பிரேக் கண்டுபிடிச்சார். அதுல காத்து போனா பிரேக் விடாது, பிடிக்கும். அதாவது குழாய் அறுந்தாலும் வண்டி நிக்கும். டிரெய்லர்லயும் அதே தத்துவம்தான். ஸ்பிரிங் எப்பவும் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டிருக்கும், காத்தழுத்தம்தான் அதை விடுவிச்சு ஓட விடும். கேபினுக்குப் பின்னாடி சுருள் சுருளா தொங்கற குழாய்ங்க அதுக்குத்தான். அதோட இணைப்புல ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அது தேய்ஞ்சு காத்து கசிஞ்சா என்ன ஆகும்? பிரேக் முழுசா விடாம லேசா உரசிக்கிட்டே வரும். டிரம் பழுக்கும், பேரிங் கிரீஸ் உருகும், டயர் தீப்பிடிக்கவும் வாய்ப்பு இருக்கு. காரணம் ஒரு வாஷர்!

தர்மபுரியிலேர்ந்து சேலம் வர்ற வழியில தொப்பூர் கணவாய் இறக்கத்தைப் பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேப்பர்ல அடிக்கடி பேர் வர்ற இடம். அங்கே டிரெய்லரோட லைனர் தேய்ஞ்சிருந்தா, நிறுத்தற வேலை மொத்தமும் முன்வண்டி தலையில விழும். முன்வண்டி நிக்கப் பார்க்கும், பின்னாடி இருக்கற டன் கணக்கான பாரம் தள்ளும். நடுவுல கிங்பின்ல மடங்கி, பேனாக்கத்தி மாதிரி ரெண்டும் மடியும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல இறக்கறவங்க இதுல எஞ்சின் பிடிப்பையும் சேர்த்து விட்டுக் கொடுக்கறாங்க.

எஃப்.சி. இருக்கேன்னு கேட்கலாம். வண்டிக்கு எட்டு வயசு வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்கணும். எஃப்.சி. நாளன்னிக்கு வண்டி மாப்பிள்ளை மாதிரி பெயின்ட் அடிச்சு நிக்கும். மத்த நாள்ல வண்டிக்கு யாரு எஃப்.சி.? நடைக்கு நடை இறங்கி ஒரு சுத்து சுத்தி வர்ற டிரைவரும் கிளீனரும்தான். டீக்கு நிறுத்தற இடத்துல இரும்புக் கம்பியால டயரைத் தட்டிக்கிட்டே போவாங்களே, சும்மா பொழுதுபோக்கு இல்லை அது. 'டங்'னு வந்தா காத்து இருக்கு. 'தொப்'புன்னு வந்தா ஜோடி டயர்ல உள்ளே இருக்கறது இறங்கியிருக்கு. கையோட ஒவ்வொரு ஹப்புக்கிட்டயும் புறங்கையைக் கொண்டு போவாங்க. எல்லாமே சூடாத்தான் இருக்கும். மத்ததைவிட ஒண்ணு மட்டும் அதிகமா கொதிச்சா அதுதான் ஆள்.

நீங்க எங்கே வர்றீங்க?

நீங்க வர்றது டிரெய்லருக்குப் பின்னாடி... பைக்ல! ராத்திரி ஷோ முடிஞ்சு ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது, ரோட்டோரம் பின்விளக்கு இல்லாம ஒரு டிரெய்லர் நிக்கும். பல்பு போயிருக்காது. இணைப்பு ஒயர் உரசி அறுந்திருக்கும், இல்லைன்னா பிளக் பின் துருப்பிடிச்சிருக்கும். இதுவும் தேய்மானம்தான், ஆனா இருக்கறதுலயே கடைசியா கவனிக்கப்படற தேய்மானம். சட்டப்படி முன்னாடி வெள்ளை, பக்கத்துல மஞ்சள், பின்னாடி சிவப்புன்னு ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கணும். ஒட்டியிருப்பாங்க, ஆனா அது மேல ஒரு இன்ச் சேறு இருக்கும். மோகனூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏத்திக்கிட்டு, இல்லைன்னா சேகோ ஃபேக்டரிக்கு மரவள்ளிக் கிழங்கு ஏத்திக்கிட்டுப் போற டிராக்டர் பெட்டியில பலதுக்கு அந்த ஸ்டிக்கரும் இருக்காது. உங்க ஊர்ல, உங்க சித்தப்பா வீட்டுல டிராக்டர் பெட்டி இருந்தா, இந்த லீவுல போய் ஒளிர் ஸ்டிக்கர் ஒட்டுங்க. டிராக்டரையும் பெட்டியையும் மாட்டற பின்னை உருவிப் பாருங்க. நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தா, வெல்டிங் பட்டறைக்கு இல்லை, கடைக்குப் போய்ப் புதுசு வாங்குங்க.

அப்புறம், இண்டஸ்ட்ரியல் விசிட்! வருஷா வருஷம் பெங்களூரு, கொச்சின்னு போய் ஃபேக்டரி வாசல்ல ஒரு குரூப் போட்டோ எடுத்துட்டு பீச்சுக்குப் போயிடறோம். தப்பில்லை, அதுவும் வேணும்தான். ஆனா காலேஜ் வாசல்லேர்ந்து டவுன் பஸ் தூரத்துல இருக்கற பட்டறையை ஒரு சனிக்கிழமை பாருங்க. நாலஞ்சு பேருக்கு மேல கூட்டமா போகாதீங்க. 'அண்ணா, எஞ்சினியரிங் படிக்கறோமுங்க. ஹப் பிரிக்கறப்போ நின்னு பார்த்துக்கலாமுங்களா?'ன்னு கேளுங்க. கேட்கற விதத்துல கேட்டா, பார்க்க விட்டுட்டு டீயும் வாங்கித் தருவாங்க. அங்கே போய் ஃபார்முலா சொல்லி சீன் போட வேண்டாம். முதல்ல ஒரு பேரிங்குக்குக் கையால கிரீஸ் ஏத்திப் பழகுங்க. அப்புறமா உங்க வெர்னியரை எடுத்து கிங்பின்னை அளந்து காட்டுங்க. லேபுக்கு வாங்கின இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தா எடுத்துட்டுப் போய், ஓடி வந்து நின்ன டிரெய்லரோட ஆறு ஹப் சூட்டையும் குறிச்சு வைங்க. ஒரே வண்டியை நாலு நடைக்குத் தொடர்ந்து குறிச்சீங்கன்னா, எந்த ஹப் எப்போ கெட ஆரம்பிக்குதுன்னு ஒரு கிராஃப்பே கிடைக்கும். ஃபைனல் இயர் ப்ராஜெக்டை ரெடிமேடா காசு கொடுத்து வாங்கறதைவிட இது எவ்வளவோ மேல்.

போறவங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. ஜாக்கியில மட்டும் நிக்கற வண்டிக்கு அடியில தலையை விடாதீங்க, ஸ்டாண்டு வச்சிருக்கான்னு பாருங்க. ஆக்சில்கிட்ட பானை மாதிரி இருக்கற ஸ்பிரிங் பிரேக் சேம்பரை யாராவது சுத்தியலும் ஸ்பேனரும் வச்சு சும்மா திறந்து காட்டறேன்னு சொன்னா, நாலடி தள்ளி இல்லை... வாசலுக்கே வந்துடுங்க. உள்ளே அமுங்கிக் கிடக்கற ஸ்பிரிங் வெளியே பாய்ஞ்சா உயிரையே எடுத்துடும்.

பழைய பேன்ட், சட்டையில போங்க. அந்த கிரீஸ் எந்த சோப்புக்கும் போகாது.